‘இன்வெஸ்ட்’ சொல்லுக்குள் ஒரு துணிமூட்டை

மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரத்தில் தொடங்கி டீக்கடைப் பேச்சு வரை புழங்கும் ‘இன்வெஸ்ட்’ என்ற வினையைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே காசு இருக்காது, துணிதான் இருக்கும். லத்தீனில் ‘வெஸ்டிஸ்’ என்றால் ஆடை. ‘இன்வெஸ்டீரே’ என்றால் உடுத்திவிடுவது. சம்ஸ்கிருத ‘வஸ்த்ர’மும் இதே இந்தோ-ஐரோப்பிய வேரில் முளைத்ததுதான். ஆக, கோயிலில் சாமிக்குச் சாத்தும் வஸ்திரமும் மாதாமாதம் எஸ்ஐபியில் கட்டும் இன்வெஸ்ட்மென்டும் பங்காளிகள்.

இடைக்கால ஐரோப்பாவில் பதவி கொடுப்பது என்றால் அதற்குரிய அங்கியைப் போர்த்தி, சின்னங்களைக் கையில் தருவது. உடுத்துதல் அப்படியே அதிகாரம் வழங்குதலாகிவிட்டது. ஆயர்களுக்கு (பிஷப்புகளுக்கு) கோலும் மோதிரமும் கொடுக்கும் உரிமை போப்புக்கா, அரசருக்கா என்று பெரிய தகராறே நடந்தது. அது முற்றி, 1077 ஜனவரியில் ஜெர்மானிய அரசர் நான்காம் ஹென்றி, போப் ஏழாம் கிரகோரியிடம் மன்னிப்புக் கேட்டுக் கனோசா கோட்டை வாசலில் 3 நாள் பனியில் நின்றார். 1122-இல் வோர்ம்ஸ் உடன்படிக்கை வந்த பிறகே சண்டை ஓய்ந்தது. இதற்கு ‘இன்வெஸ்டிச்சர்’ தகராறு என்றே பெயர்.

ஆடை உடம்பைச் சுற்றிக்கொள்வதால், கோட்டையைப் படை சூழ்வதற்கும் ஆங்கிலத்தில் இதே வினை. இன்றைய இத்தாலியனில் கார் ஒருவர்மீது மோதினாலும் ‘இன்வெஸ்டீரே’தான்!

காசை இந்தச் சொல்லோடு சேர்த்துவிட்டவர்கள் இத்தாலிய வணிகர்கள். கையிருப்பைக் கொடுத்து மிளகோ பட்டோ வாங்கினால் பணம் தொலைந்துபோவதில்லை, உடுப்பை மாற்றிக்கொள்கிறது என்பது அவர்கள் கணக்கு. (நாமும் சட்டையைப் ‘போடுகிறோம்’, பணத்தையும் ‘போடுகிறோம்’. அது தற்செயல்தான்.) 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கடிதங்கள் வழியாக இந்தப் பொருள் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது.

கம்பெனிக்காரர்கள் ‘இன்வெஸ்ட்மென்ட்’ என்றது, ஐரோப்பாவுக்கு அனுப்ப ஆண்டுதோறும் இங்கே கொள்முதல் செய்த சரக்கை. சென்னையில் அது பெரும்பாலும் துணி. 1639-இல் அவர்கள் மதராசப்பட்டினத்தில் இடம் பிடித்ததற்கே சோழமண்டலக் கரையின் மலிவான துணி ஒரு முக்கியக் காரணம். கப்பலில் வெள்ளி வரும். காசி வீரண்ணா போன்ற பெருவணிகர்கள் முன்பணம் வாங்கிக்கொண்டு நெசவாளர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். தறியிலிருந்து வந்த துணியைப் புனித ஜார்ஜ் கோட்டையில் மாதிரித் துணியோடு வைத்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். மட்டமாக இருந்தால் விலையில் பிடித்தம் செய்வார்கள் அல்லது துணியைத் திருப்பியனுப்புவார்கள். கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் குடியிருந்த இடம் வண்ணாரப்பேட்டை. 1734-இல் நெசவாளர்களைக் குடியேற்றிய சின்னத் தறிப்பேட்டைதான் இன்றைய சிந்தாதிரிப்பேட்டை. இத்தாலியர்கள் உவமையாகச் சொன்னது இங்கே நிஜமாகவே நடந்தது: வெள்ளி போய்த் துணி வந்தது.

பிறகு அரசுப் பத்திரங்களும் ரயில்வே பங்குகளும் வந்தன. சரக்கைக் கண்ணால் பார்க்காமலேயே பணம் போடலாம் என்றானதும், சொல்லில் மிஞ்சியிருந்த ஆடையும் மறந்துபோனது. இப்போது நேரத்தையும் உழைப்பையும்கூட இன்வெஸ்ட் செய்கிறார்கள்.

இதன் எதிர்ச்சொல் ‘டைவெஸ்ட்’ முதலில் குறித்தது ஆடை களைவதை. பொதுத்துறைப் பங்குகளை அரசு விற்கும் ‘டிஸ்இன்வெஸ்ட்மென்ட்’ இந்தியாவில் 1991-இல் தொடங்கியது. லத்தீன் தெரியாத தொழிற்சங்கத்தாருக்கும் அதன் வேர்ச்சொல் விளங்கித்தான் இருந்தது.