டவுன்வாஷ்: கீழே இறங்கிப் பக்கவாட்டில் பாயும் காற்று

ஹெலிகாப்டரின் சுழலி, அதாவது தலைக்கு மேல் சுற்றும் இறக்கைகள், கீழே தள்ளுகிற காற்றுக்கு டவுன்வாஷ் என்று பெயர். 'டவுன்' என்றால் கீழே. 'வாஷ்' இங்கே கழுவுவது அல்ல. கப்பல் போகும்போது பின்னால் தள்ளிவிடும் நீரை ஆங்கிலத்தில் 'வாஷ்' என்பார்கள். அப்புறம் அதே சொல் காற்றுக்கும் வந்தது.

இந்தச் சொல்லில் எனக்கு ஒரு குறை உண்டு. 'கீழே' என்றதும், ஹெலிகாப்டருக்கு நேர் அடியில் நிற்காவிட்டால் போதும் என்று தோன்றிவிடுகிறது. இறங்கிய காற்றோ தரையில் மோதி நாலாபக்கமும் பாய்கிறது. தள்ளி நிற்பவரைச் சாய்ப்பது அதுதான். ஆங்கிலத்தில் அதற்கு 'அவுட்வாஷ்' என்று தனிப்பெயரே இருக்கிறது.

2022 மார்ச் 4 அன்று இங்கிலாந்தின் பிளிமத் நகரில், டெரிஃபோர்ட் மருத்துவமனைக்கு நோயாளியோடு ஒரு கடலோரக் காவல் ஹெலிகாப்டர் வந்தது. சிக்கோர்ஸ்கி எஸ்-92 வகை. முழுச்சுமையோடு சுமார் 12 டன். அந்த எடையைத் தாங்கும் அளவுக்குக் காற்றை அது கீழே தள்ளியாக வேண்டும். பக்கத்துக் கார் நிறுத்துமிடத்தில் இருந்த 87 வயது மூதாட்டி காற்றில் தள்ளப்பட்டு விழுந்து உயிரிழந்தார். இன்னொருவருக்குப் பலத்த காயம். இருவரும் இறங்குதளத்துக்குள் கால் வைக்கவே இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'கீழ்நோக்கிய காற்றோட்டம்' பொருளில் சரிதான். ஆனால் காற்றோட்டம் என்றால் நமக்கு ஜன்னல்தான் நினைவுக்கு வரும். பாடநூலுக்குக் கீழ்வீச்சு, பக்கவீச்சு என்று பிரித்துச் சொல்லலாம். எச்சரிக்கைப் பலகைக்கு 'வீச்சுக்காற்று' போதும் என்பேன். அது திசையைச் சொல்லி ஏமாற்றாது. ஹெலிகாப்டருக்கு ஈழத்தில் வழங்கும் 'உலங்கு வானூர்தி' எனக்குப் பிடித்த சொல். உலங்கு என்றால் கொசு. ஆனாலும் பலகையில் ஹெலிகாப்டர் என்றே இருக்கட்டும், ஒரு நொடியில் புரிய வேண்டும்.

வீச்சுக்காற்று சுழலியின் விட்டத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு தூரம் வரை எட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஸ்-92-க்கு அது சுமார் 50 மீட்டர் வரை போகும். சத்தம் நெருங்கினால் பெரியவர்களையும் குழந்தைகளையும் கட்டடத்துக்குள் அழைத்துப் போங்கள். முடியாவிட்டால் கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலிக்குப் பிரேக் போடுங்கள். துண்டோ தொப்பியோ பறந்தால், சுழலி முழுவதும் நிற்கும்வரை பின்னால் ஓடாதீர்கள்.