நாக்கு சோற்றை ஏன் தள்ளுகிறது?

டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு ஊட்டினால் ஒரு வாயில் பாதி வெளியே வந்துவிடும். வீட்டில் இதைப் பிடிவாதம் என்பார்கள். பிடிவாதம் இல்லை, தசைத் தளர்ச்சி. 21-வது குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் இந்த நிலையில் கை கால் போலவே உதடு, தாடை, நாக்குத் தசைகளும் தளர்ந்திருக்கும். வாயறையும் சிறியது. இடம் போதாத நாக்கு முன்னே வருகிறது, சோறும் கூடவே வருகிறது.

மடியில் சாய்த்து ஊட்டாதீர்கள். நேராக உட்கார வைத்து, பாதம் தரையிலோ மணையிலோ ஊன்றியிருக்கச் செய்யுங்கள். கால் தொங்கினால் உடம்பைத் தாங்குவதிலேயே பலம் போய்விடும், மெல்லுவதற்கு மிஞ்சாது. நின்றுகொண்டு ஊட்டினால் குழந்தை அண்ணாந்து பார்க்கும். அப்போது உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் எளிதில் நழுவும். எதிரே, அதன் கண் மட்டத்தில் உட்காருங்கள்.

குழி அதிகமில்லாத சின்ன ஸ்பூனில் பாதி எடுங்கள். நாக்கின் நடுவில் வைத்து லேசாகக் கீழே அழுத்துங்கள். மேலுதடு தானாக இறங்கி மூடும்வரை காத்திருந்து, ஸ்பூனை நேராக வெளியே இழுங்கள். அவசரத்தில் மேல் ஈறில் வழித்துவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. அப்படிச் செய்தால் உதட்டுக்கு வேலையே இல்லை, அது மூடப் பழகாது.

ரசம் சாதம் எளிது என்று நினைக்கிறோம். இந்தக் குழந்தைகளுக்கு அதுதான் கடினம்: பருக்கையை மெல்லுவதற்குள் ரசம் தொண்டைக்கு ஓடிவிடும். கெட்டியாகப் பிசைந்த பருப்புச் சாதமும் கேழ்வரகுக் கூழும் மேல். ஆனால் வருடக்கணக்கில் மசித்தே கொடுத்தால் மெல்லத் தெரியாமலே வளரும். காயும் பழமும் தட்டில் சேராது, மலச்சிக்கல் இறுகும். விரலால் நசுக்கினால் மசியுமளவு வேகவைத்த கேரட்டை நீளமாக நறுக்கி, கடைவாயில் இடமும் வலமும் மாற்றி வையுங்கள். பக்கத்திலேயே இருங்கள்.

நார்ச்சத்தும் தண்ணீரும் சேர்த்தும் மலச்சிக்கல் தீராவிட்டால் தைராய்டைப் பாருங்கள். இவர்களுக்குத் தைராய்டு குறைவது சகஜம். ஆண்டுக்கொரு முறை ரத்தப் பரிசோதனை எப்படியும் தேவை.

எடை விஷயத்தில் வேறொரு சிக்கல். சும்மா இருக்கும்போது இவர்கள் உடல் செலவிடும் ஆற்றல் மற்ற குழந்தைகளைவிடச் சுமார் 10 முதல் 15 சதவீதம் குறைவு. உயரமும் இயல்பிலேயே குறைவு. பொதுவான வளர்ச்சி அட்டவணையை வைத்துப் பார்த்து, 'வளரவில்லையே' என்று நெய்யும் சோறும் கூட்டினால் இடுப்புச் சுற்றளவுதான் கூடும். டவுன் சிண்ட்ரோமுக்கென்றே தனி அட்டவணை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். இதயக் குறையுள்ள கைக்குழந்தைகள் மட்டும் விதிவிலக்கு, அவர்களுக்குக் கலோரி கூடுதலாகவே தேவைப்படும்.

சாப்பிடும்போது இருமல், கண்ணீர், ஈரமான கரகரப்புக் குரல் இருந்தால் உணவு மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறதோ என்று சந்தேகியுங்கள். சில குழந்தைகளுக்கு இருமலே வராது. அடிக்கடி நெஞ்சுச் சளி பிடிப்பது மட்டுமே அடையாளமாக இருக்கலாம். அப்போது சளி மருந்தோடு நிறுத்தாமல், விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவில் பார்க்கும் பரிசோதனை வேண்டுமா என்று, விழுங்குவதையும் கவனிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.