சீட்டைப் பார்க்காமலே ஏற்றுகிற சித்தப்பாவிடம் போக்கர் ஆடுவது எப்படி?

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார். தீபாவளி லீவுக்கு வீட்டில் எல்லாரும் கூடி, தார்சாவில் பாய் விரித்து, காசுக்குப் பதில் புளியங்கொட்டை வைத்துப் போக்கர் ஆடியிருக்கிறார்கள். இவர் ஆட்டத்தை ஒழுங்காகப் படித்தவர். எதிரே சித்தப்பா, அன்றைக்குத்தான் விதிகளையே கேட்டுத் தெரிந்துகொண்டவர். இவர் கையில் ஆஸும் ராஜாவும். நடுவில் ராஜா, எட்டு, மூன்று விழுந்தது. இவர் எண்ணி எண்ணி வைக்க, சித்தப்பா "என்னலே இவ்வளவு யோசிக்கே" என்று ஒரு கை அள்ளிப் போட்டிருக்கிறார். கடைசிச் சீட்டு ஐந்து. சித்தப்பா திருப்பிக் காட்டியது எட்டும் ஐந்தும், அதாவது இரண்டு ஜோடி. இவருடைய ஒற்றை ராஜா ஜோடி அதனிடம் தோற்றது. கொட்டை எல்லாம் அவர் பக்கம் போய்விட்டது. "கணிக்கவே முடியாத ஆளிடம் படித்த வித்தை எதுவும் செல்லாதா?" என்று கேட்கிறார்.

செல்லும். எந்த வித்தை செல்லும், எது செல்லாது என்பதுதான் சுவாரசியம்.

ஆளுக்கு 2 சீட்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக 5, ஏழில் சிறந்த ஐந்து எது என்று பார்ப்பது, இடையிடையே பந்தயம் ஏற்றுவது, பிடிக்காவிட்டால் சீட்டைக் கீழே வைப்பது. ஆட்டம் அவ்வளவுதான். சரி, முதலில் அந்தக் கையின் கணக்கைப் பார்த்துவிடுவோம். மூன்று சீட்டு விழுந்த நிலையில் சித்தப்பாவைக் காப்பாற்றக்கூடியவை மிச்சமிருந்த 2 எட்டும் 3 ஐந்தும் மட்டும். இருவர் கையும் தெரிந்தவருக்கு வெளியே இருப்பது 45 சீட்டு, விழ வேண்டியது இரண்டு. அவர் ஜெயிக்கிற வாய்ப்பு சுமார் ஐந்தில் ஒன்று. அந்த ஒன்று அன்றைக்கு வந்தது. நடுவில் எதுவும் விழுவதற்கு முன்னால், ஏதோ இரண்டு சீட்டோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரை ஆஸ்-ராஜா நூற்றுக்குச் சுமார் 65 தடவை வெல்லும். ஆஸ் ஜோடியே 85 தடவைதான். மிச்சத் தடவைகளில் தோற்றுத்தான் ஆக வேண்டும். அதற்கு ராசியில்லாத மூலை, கிழக்கே பார்த்து உட்காரவில்லை என்றெல்லாம் காரணம் சொல்லி இடம் மாற்றுகிறவர்களை நம் பக்கத்துக் கல்யாண வீடுகளில் நிறையப் பார்க்கலாம். எனக்கு இதில் கொஞ்சமும் பொறுமை இல்லை. சீட்டுக்குத் திசை தெரியாது. 2017இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதியபோது 1,20,000 கைகள், அதாவது அத்தனை சுற்று, ஆடவிட்டார்கள். அதிர்ஷ்டத்தின் இரைச்சலைத் தாண்டித் திறமை கண்ணுக்குத் தெரிய அத்தனை கை தேவைப்படுகிறது. ஒரு ராத்திரியை வைத்து யாரையும் எடைபோட முடியாது.

இனி எனக்கு மிகப் பிடித்த இடம், ப்ளஃப். வெறும் கையை வைத்துக்கொண்டு மிரட்டுவது துணிச்சல் காட்டும் வேலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அதற்குள் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. கணித மேதை ஜான் வான் நாய்மன் 1920களிலேயே இதை யோசிக்க ஆரம்பித்தார். நடுவில் 100 கொட்டை கிடக்கிறது, கடைசிச் சீட்டும் விழுந்தாயிற்று, நான் 100 வைக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எதிராளி ஈடுகட்ட 100 போட வேண்டும். ஜெயித்தால் அவருக்கு 200 லாபம். நான் இப்படி வைக்கிற மூன்று தடவையில் இரண்டு தடவை நிஜமான கை, ஒரு தடவை வெறும் கை. மூன்று தடவையும் அவர் ஈடுகட்டினால் நான் இரண்டில் 200, 200 எடுத்து ஒன்றில் 100 விடுகிறேன்: 300. மூன்று தடவையும் அவர் பயந்து கீழே வைத்தால் நடுவில் கிடந்த நூறு நூறாக மூன்று தடவை: அதுவும் 300! அவர் என்ன செய்தாலும் ஒன்றுதான். அவர் எவ்வளவு மூளையைக் கசக்கினாலும் அதற்குப் பலன் பூஜ்யம். மூன்றில் ஒன்று என்ற அந்த விகிதம் ஒரு பூட்டு மாதிரி.

ஆனால் அந்தப் பூட்டு யோசிக்கிறவருக்காகச் செய்தது. சித்தப்பா எதையும் கீழே வைக்கிறவர் இல்லை. அவரிடம் அந்த மூன்றாவது தடவை மிரட்டாமல் சும்மா விட்டுவிட்டால் என் கணக்கு 200, 200, பூஜ்யம்: 400. ப்ளஃபை நிறுத்தியதற்கே நூறு கொட்டை கூடுதல். அப்புறம் இன்னொன்று. எதைக் கொண்டுவந்தாலும் ஈடுகட்டுகிறவரிடம் பாதிக்கு மேல் ஜெயிக்கும் என்று தோன்றுகிற எந்தக் கையிலும் பந்தயம் வைக்கலாம். நூற்றுக்கு 60 தடவை ஜெயிக்கிற சுமாரான ஜோடிக்கு 100 வைத்தால் ஒரு தடவைக்குச் சராசரி 20 லாபம். புதிதாகப் படித்தவர்கள் இங்கேதான் பயந்து சும்மா இருந்துவிடுகிறார்கள்.

2015இல் கனடாவின் அல்பெர்ட்டா பல்கலைக்கழகம் அறிவித்த செஃபியஸ் என்ற நிரல், பந்தய வரம்பு வைத்த இருவர் ஆட்டத்தை ஏறக்குறைய முழுசாகத் தீர்த்துவிட்டது. ஆயுசு முழுக்க ஆடினாலும் ஒருவரால் அதை மிஞ்சியதாக நிரூபிக்க முடியாது. அது எதிராளியைப் பார்ப்பதே இல்லை, பூட்டைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும். சித்தப்பாவிடம் அதுவும் ஜெயிக்கும், ஆனால் கறக்க முடிந்த அளவு கறக்காது. அதற்கு மனுஷன் வேண்டும்.

சீட்டாட்டத்துக்கெல்லாம் ஆராய்ச்சிப் பணமா என்று கேட்பவர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். எதிராளி கணிக்க முடியாதபடி விகிதம் போட்டுக் கலைத்து ஆடுகிற இதே மாதிரிக் கணிதத்தை வைத்துத்தான் 2007 முதல் லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் சோதனைச் சாவடிகளை எங்கே, எப்போது போடுவது என்று திட்டமிட்டார்கள். அந்தக் குழுவை நடத்தியவர் மிலிந்த் தாம்பே. காட்டில் வேட்டைக்காரர்களைத் தடுக்கும் ரோந்துக்கும் அதைக் கொண்டுபோனார்கள். நமக்குப் பக்கத்திலேயே களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் இருக்கிறது, மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இந்த இரண்டையும் சேர்த்து ஒரு திட்டத்துக்குப் பணம் ஒதுக்கினால் அது வீண்செலவே ஆகாது என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக, சித்தப்பா ஏற்றும்போது என்ன செய்வது? ஒருவர் நல்ல கையில் 10க்கு 8 தடவையும் மட்டமான கையில் 2 தடவையும் ஏற்றுவார் என்றால், அவர் ஏற்றியதும் 'நல்ல கைக்கு மட்டமான கை எத்தனைக்கு எத்தனை' என்று மனதில் இருந்த விகிதத்தை நான்கால் பெருக்க வேண்டும். சீட்டைப் பார்க்காமலே ஏற்றுகிறவருக்கு இரண்டும் சமம். ஒன்றால் பெருக்கி என்ன மாறப்போகிறது? உங்கள் ஆஸ்-ராஜா அதே 65தான், தாராளமாக ஈடுகட்டுங்கள். ஆனால் நிஜ மனிதர்கள் கடைசிவரை அப்படியே இருப்பதில்லை. அடுத்த பொங்கலுக்கு உட்காரும்போது, அவர் தோற்ற கைகளையும் திருப்பிக் காட்டச் சொல்லிக் கவனித்துக்கொண்டே இருங்கள். ராத்திரி முழுக்க ஈடு மட்டும் கட்டிக்கொண்டிருந்தவர், கடைசிச் சீட்டு விழுந்தபின் முதல்முறையாகத் தன் சீட்டை இரண்டாம் தடவை எடுத்துப் பார்த்துவிட்டு ஏற்றினால், உங்கள் ராஜா ஜோடியைக் கீழே வைத்துவிடுங்கள்.