களமும் தொட்டியும்: உயரத் தாவக் கால்கள் பழகும் விதம்

எங்கள் ஊரில் வாலிபால் ஆடும் இடம் முன்பு சோளமும் ராகியும் அடித்த களம். சாணம் மெழுகி, கல் உருளை ஓட்டிக் கெட்டித்துப்போன தரை. தானியம் அடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. தாவி இறங்கும் முழங்காலுக்கு அதைவிடக் கெட்ட இடமும் கிடையாது. பொங்கல் போட்டிக்காக மார்கழி முழுக்கப் பிள்ளைகள் பொழுது சாய்ந்த பிறகும் குதிக்கிறார்கள். தை பிறக்கும்போது பாதிப் பேர் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு நிற்கிறார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் எல்லோருடைய விரலும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது: முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே, தசைநாண் எலும்போடு சேரும் பகுதி.

உடற்கல்வி ஆசிரியரான நான் இதைப் பல தை மாதங்கள் பார்த்துவிட்டேன். அதன் பிறகுதான் தாவும்போது உடலுக்குள் என்ன நடக்கிறது, அதைத் தரையில் பழகுவதற்கும் தண்ணீரில் பழகுவதற்கும் என்ன வேறுபாடு என்று முறையாகப் படிக்கத் தொடங்கினேன். தாவலில் ஒரு பாதியைத் தண்ணீர் நன்றாகவே கற்றுக்கொடுக்கிறது. மறுபாதியைத் தரையால் மட்டுமே கற்றுக்கொடுக்க முடிகிறது. எது எந்தப் பாதி என்று தெரிந்துகொண்டால் பயிற்சியை எப்படி அமைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் கணக்கு. கால் தரையை விட்ட பிறகு யாராலும் தன் உயரத்தைக் கூட்டிக்கொள்ள முடியாது. பந்தை அடிக்கக் கை எவ்வளவு வீசினாலும், உடல் எவ்வளவு உயரம் போகும் என்பது பாதம் தரையை விடும் அந்தக் கணத்து வேகத்திலேயே முடிவாகிவிடுகிறது. நின்ற இடத்திலிருந்து 50 சென்டிமீட்டர் எழும்ப வேண்டுமானால் விநாடிக்கு ஏறத்தாழ 3.1 மீட்டர் வேகத்தில் புறப்பட வேண்டும். 60 சென்டிமீட்டருக்கு அந்த வேகத்தைச் சுமார் 10 சதவீதம் கூட்டினால் போதும். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் அந்த வேகத்தைப் பெறக் கால்களுக்குக் கிடைக்கும் நேரம் மிகவும் குறைவு. நீளம் தாண்டும் வீரரின் பாதம் பலகையில் பதிந்திருப்பது ஏறத்தாழ 0.12 விநாடி. ஒரு தசை தன் முழு விசையையும் எட்டவோ 0.3 விநாடிக்கு மேல் ஆகிறது.

ஆகவே பலம் இருந்தால் மட்டும் போதாது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை சுமப்பவர்களின் தொடைகளைப் பாருங்கள். அந்த வலிமை எங்கள் வாலிபால் பிள்ளைகளில் ஒருவருக்கும் இல்லை. ஆனால் மூட்டையைத் தூக்கி எழுபவர் தன் விசையைத் திரட்ட ஒரு முழு விநாடிகூட எடுத்துக்கொள்ளலாம். தாவுபவருக்கு அந்த அவகாசம் இல்லை. தன் விசையை அவர் எவ்வளவு விரைவில் வெளியே கொண்டுவருகிறார் என்பதுதான் உயரத்தைத் தீர்மானிக்கிறது.

இதற்கு உடலில் ஒரு வழி இருக்கிறது. இதைப் படிப்பவர்கள் இப்போதே எழுந்து நின்று செய்து பார்க்கலாம். முழங்காலை மடக்கி, அப்படியே மூன்று விநாடி அசையாமல் இருந்துவிட்டுத் தாவுங்கள். அடுத்து, நின்ற நிலையிலிருந்து சட்டென்று தாழ்ந்து, நிறுத்தாமல் தாவுங்கள். இரண்டாவது தாவல் சில சென்டிமீட்டராவது உயரமாக இருக்கும். தாழும்போது தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் இழுபடுகின்றன. உடலின் வீழ்ச்சியை நிறுத்த அவை அந்தக் கீழ்நிலையிலேயே இறுகிவிடுவதால், மேலெழும் அசைவு தொடங்கும்போதே விசை தயாராக இருக்கிறது. குதிகால் நாண் இழுபட்டு ஆற்றலைச் சேமித்து, மறுகணம் திருப்பித் தருகிறது. தசைக்குள் இருக்கும் உணர்விழைகளும் திடீர் இழுப்பை உணர்ந்து, முதுகுத்தண்டு வழியாகத் தசையை இன்னும் வலுவாகச் சுருங்கச் செய்கின்றன.

கவட்டையில் கல் வைத்து மாங்காய் அடித்தவர்களுக்கு இது புரியும், ஒரு வேறுபாட்டோடு. கவட்டையின் ரப்பரை இழுத்துப் பிடித்தபடி காத்திருந்தாலும் கல் பாயும். உடலின் ரப்பர் அப்படிக் காத்திருக்காது. கீழே தாழ்ந்த நிலையில் தயங்கினால் சேமித்ததில் பெரும்பகுதி வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. இறங்கிய வேகத்தில் எழும்புவதைப் பழக்குவதே தாவல் பயிற்சியின் உயிர். பாண்டியிலும் ஸ்கிப்பிங்கிலும் பச்சைக்குதிரையிலும் நம் பிள்ளைகள் பெயர் தெரியாமலே பழகியது இதைத்தான்.

1960களில் சோவியத் நாட்டுப் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி இதை ஒரு முறையாக ஆக்கினார். பெட்டியின் மேலிருந்து கீழே இறங்கி, பாதம் பட்ட மறுகணமே மேலே தாவ வைத்தார். 1975இல் அமெரிக்கப் பயிற்சியாளர் பிரெட் வில்ட் இத்தகைய பயிற்சிகளுக்குப் பிளையோமெட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். தசை இழுபட்டு உடனே சுருங்கும் இந்தச் சுழற்சியில், பாதம் தரையில் இருக்கும் நேரம் கால் விநாடிக்குள் (0.25) இருந்தால் அதை வேகச் சுழற்சி என்றும், அதற்கு மேலானால் மெதுச் சுழற்சி என்றும் இன்று பிரிக்கிறார்கள். இந்தக் கால் விநாடியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு வரும்போது மீண்டும் தேவைப்படும்.

வாலிபால் வலையருகே பழகிய கால் வேறு விளையாட்டுக்கும் உதவும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு முதலில் ஆடியது வாலிபால். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய அந்தச் சிறுவனை உயரம் தாண்டச் சொன்னவர் ஒரு பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம். அடுத்து டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். ஒரு பிள்ளையின் தாவலைப் பார்த்த மாத்திரத்தில் அதன் மதிப்பைக் கண்டுகொண்ட அந்த ஆசிரியரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

இனி இறங்குவது. 60 கிலோ எடையுள்ள பையன் 50 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து தரைக்கு வருகிறான். முழங்காலை விறைப்பாக வைத்து, உடலை 10 சென்டிமீட்டருக்குள் நிறுத்தினால் கால்கள் சராசரியாகத் தாங்குவது அவன் எடையைப்போல் 6 மடங்கு, அதாவது 360 கிலோ. இடுப்பையும் முழங்காலையும் மடக்கி 25 சென்டிமீட்டரில் நிறுத்தினால் அது 3 மடங்காகக் குறைகிறது. இறங்கக் கற்றுக்கொடுக்காமல் குதிக்க விடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதை இந்த ஒரு கணக்கே காட்டும். அதிலும் பெண் பிள்ளைகள் இறங்கும்போது முழங்கால்கள் உள்பக்கமாகச் சாய்கின்றனவா என்று பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முழங்காலுக்குள் இருக்கும் முன் குறுக்குத் தசைநார் கிழிவது பையன்களைவிட அவர்களுக்குப் பல மடங்கு அதிகம்.

நன்றாக மடக்கி இறங்கினாலும் 3 மடங்கு என்பது குறைவானதல்ல. ஒரு மாலையில் நூறு முறை இறங்கினால் அந்தச் சுமை சில்லுக்குக் கீழேயுள்ள நாணின் மீதும் குவிகிறது. தண்ணீரின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

இடுப்பளவு தண்ணீரில் நிற்பவரின் பாதம் தாங்குவது அவர் எடையில் ஏறத்தாழ பாதி. நெஞ்சளவு என்றால் மூன்றில் ஒரு பங்கு. கழுத்தளவு என்றால் பத்தில் ஒரு பங்குதான். இந்த மிதப்பு எல்லா நேரத்திலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மேலே எழ எழ உடல் தண்ணீரை விட்டு வெளியே வருகிறது. மிதப்பு குறைந்து எடை திரும்புகிறது. கீழே இறங்க இறங்க உடல் மூழ்குகிறது. மிதப்பு கூடிக்கொண்டே வந்து, பாதம் தரையைத் தொடும் வேளையில் மிகுதியாகிறது. எங்கே அடி விழுமோ அங்கேதான் தாங்கலும் அதிகம்.

இத்துடன் தண்ணீரின் தடையும் சேர்கிறது. காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. வேகம் இரண்டு மடங்கானால் அதன் தடை நான்கு மடங்காகும். கிணற்றில் நீந்தப் பழகிய எவரும் இதை அறிவார்கள்: கையை மெல்ல அசைத்தால் தண்ணீர் வழிவிடும், ஓங்கி வீசினால் எதிர்த்து நிற்கும். புவியீர்ப்பு நாம் மேலே போகும்போது தடுக்கிறது, கீழே வரும்போது இழுத்துப் போடுகிறது. தண்ணீரோ இரண்டு வழியிலும் தடுக்கிறது. ஆகவே மேலெழும் தசைக்கு உழைப்பு, இறங்கும் மூட்டுக்கு ஓய்வு என்று ஒரே தாவலில் இரண்டும் நடக்கின்றன. எவ்வளவு வேகமாக உந்துகிறாரோ அவ்வளவு சுமை என்பதால், அவரவர் பலத்துக்கு ஏற்பத் தண்ணீரே எடை போட்டுக்கொடுக்கிறது. எடைப் பயிற்சிக்கு இரும்புத் தட்டு வாங்க வசதியில்லாத ஒரு பள்ளிக்கு இது சிறிய செய்தி அல்ல.

அழுத்தத்தையும் சொல்ல வேண்டும். 1.2 மீட்டர் ஆழத்தில் பாதத்தின் மேல் தண்ணீர் தரும் அழுத்தம் 88 மில்லிமீட்டர் பாதரசத்துக்குச் சமம். இரத்த அழுத்தத்தின் கீழ் எண் சாதாரணமாக 80 என்பதை வைத்துப் பார்த்தால், கெண்டைக்காலைச் சுற்றி இறுக்கமான பட்டை கட்டியதுபோல அது வீக்கத்தை வெளியே தள்ளுகிறது.

இதெல்லாம் உண்மையில் தாவலைக் கூட்டுகிறதா? 2004இல் வெளியான ஓர் ஆய்வில் கல்லூரி வயதுப் பெண்கள் 8 வாரம் ஒரே தாவல் பயிற்சியைச் செய்தார்கள், ஒரு பிரிவினர் தரையிலும் மற்றவர் தண்ணீரிலும். முன்னேற்றம் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒன்றே. தசைவலி தண்ணீர்ப் பிரிவில் தெளிவாகக் குறைவு. 2005இல் 19 வாலிபால் வீராங்கனைகளை வைத்து நடந்த மற்றோர் ஆய்வில், வழக்கமான பயிற்சியோடு 6 வாரம் தண்ணீரில் தாவியவர்களின் உயரம் 11 சதவீதம் கூடியது. தாவாதவர்களுக்கு 4 சதவீதம். இவை சிறிய குழுக்கள் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் முழங்கால் நொந்த பிள்ளைக்கு ஓய்வைத் தவிர வேறு வழியே இல்லை என்று நினைத்திருந்த எனக்கு இது பெரிய ஆறுதல்.

இப்போது அந்தக் கால் விநாடிக்கு வருவோம். தண்ணீரில் பாதம் தரையில் தங்கும் நேரம் நீள்கிறது. விழும் வேகம் குறைவதால் நாண் போதுமான அளவு இழுபடுவதில்லை. கவட்டையின் ரப்பரைப் பாதிதான் இழுக்க முடிகிறது. தண்ணீரில் மட்டுமே பழகியவர் உந்தும் பலத்தைப் பெறுவார். தட்டியதும் தெறிக்கும் அந்தத் துள்ளலைப் பெறமாட்டார். நாணுக்குச் சுமை வேண்டும். அளவான சுமையை வாரக்கணக்கில் தாங்கித்தான் அது தடித்து விறைப்பேறுகிறது. அந்த வேலையைத் தரைதான் செய்ய வேண்டும். நெஞ்சுக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் தாவலுக்கான பயன் மிகக் குறைந்துவிடுவதும் இதனால்தான். தொப்புள் முதல் நெஞ்சின் கீழ்ப்பகுதி வரை என்பது சரியான ஆழம்.

கொங்கு நாட்டில் தண்ணீர் என்றதும் கிணறு நினைவுக்கு வரும். அது இதற்கு உதவாது. உந்துவதற்குத் தரை வேண்டும். கீழ்பவானி வாய்க்காலில் இழுப்பும் வழுக்கலும் உண்டு. திருப்பூர்ப் பக்கத்துப் பாறைக்குழிகளில் இறங்கவே கூடாது, அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகள் இருக்கின்றன. நீச்சல் குளம் அருகில் இருந்தால் அதன் ஆழம் குறைந்த பகுதி போதும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு தென்னந்தோப்பின் தண்ணீர்த் தொட்டி. போர் தண்ணீரைத் தேக்கி மரங்களுக்கு விடும் சிமெண்டுத் தொட்டி, உள்ளே நான்கடி ஆழம். தோப்புக்காரர் தயங்காமல் சம்மதித்தார். அடித்தரையின் பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தோம். பிள்ளைகள் இறங்கும் முன் மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்து, பெரியவர் ஒருவர் அதன் அருகிலேயே இருக்க வேண்டும் என்பதில் எந்த விட்டுக்கொடுத்தலும் இல்லை. பழைய கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டால் பாதம் வழுக்காது. உயரமான பையனுக்கு நான்கடி சரியாக இருக்கும். குள்ளமான பிள்ளைக்கு அது அக்குள்வரை வந்துவிடும். அவர்கள் முறைக்கு மூன்றடியோடு நிறுத்தித் தண்ணீர் விடுகிறோம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று வீசும் நாட்களில் ஈர உடம்பு நடுங்கும். குளிர்ந்த தசையைத் தாவ வைப்பது தவறு என்பதால் அப்போது காலைப் பயிற்சி கிடையாது.

புரட்டாசியில் தொடங்குகிறோம். முதல் ஆறு வாரம் வாரத்துக்கு இரண்டு நாள் தொட்டியில், இடையில் குறைந்தது ஒரு நாள் ஓய்வு. இரு கால் தாவல், முழங்காலை நெஞ்சுக்குக் கொண்டுவரும் தாவல், பக்கவாட்டுத் தாவல். தரையில் உட்கார்ந்தெழும் பயிற்சியும் சரியாக இறங்கும் பயிற்சியும் மட்டும். பிறகு ஒரு நாளைத் தரைக்கு மாற்றுகிறோம்: ஸ்கிப்பிங், கணுக்காலால் மட்டும் துள்ளுதல், அதன் பின் 30 சென்டிமீட்டர் பெட்டியிலிருந்து இறங்கித் தாவுதல். புதியவர்களுக்கு ஒரு நாளில் பாதம் தரையைத் தொடும் எண்ணிக்கை 80 முதல் 100க்குள். இதை எண்ணுவதற்கென்றே ஒரு பிள்ளையை உட்கார வைக்கிறேன். தரையில் தங்கும் நேரம் நீண்டு, சத்தம் தொப்பென்று கேட்கத் தொடங்கினால் எண்ணிக்கை முடியாவிட்டாலும் நிறுத்திவிட வேண்டும். களைத்த நாண் எதையும் கற்பதில்லை.

அளப்பதற்குச் சாக்பீஸும் சுவரும் போதும். நின்று எட்டும் உயரத்துக்கும் தாவி எட்டும் உயரத்துக்கும் உள்ள இடைவெளிதான் தாவல். டட்லி சார்ஜென்ட் என்ற அமெரிக்கர் 1921இல் வெளியிட்ட சோதனை இது. இப்போது செல்போனின் மெதுவியக்கக் காணொளியில் பாதம் காற்றில் இருந்த நேரத்தை எடுத்தும் கணக்கிடலாம்: 0.5 விநாடி என்றால் 31 சென்டிமீட்டர், 0.6 விநாடி என்றால் 44.

மார்கழி பாதியில் தொட்டிப் பயிற்சியை நிறுத்திவிடுகிறோம். கடைசி வாரங்கள் களத்துக்கு உரியவை, தாவலும் எண்ணிக்கையில் குறைவு. சில்லுக்குக் கீழே விரல் வைத்துக் காட்டுபவர்கள் மட்டும் மாலையில் தோப்புக்குப் போய் இடுப்பளவில் நின்று மெல்லத் துள்ளுகிறார்கள். அவர்கள் ஏறிய பிறகு தோப்புக்காரர் மதகைத் திறந்து தண்ணீரைத் தென்னைகளுக்கு விடுகிறார்.