மூடுசுட்டு: 'ஓபேக் பாயிண்டர்' தமிழில்

பைத்தான் நிரலிலிருந்து சி மொழியில் எழுதிய நூலகம் ஒன்றைக் கூப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு ஓபேக் பாயிண்டர் பழகிய சொல். நூலகம் நம் கையில் ஒரு நினைவக முகவரியைத் தரும். அங்கே என்ன இருக்கிறது, எத்தனை பைட் என்றெல்லாம் சொல்லாது. பத்திரமாக வைத்திருந்து, கேட்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். எஸ்கியூலைட்டில் தரவுத்தளத்தைத் திறந்தால் கிடைப்பது இதுதான். நூலகத்தை அறிவிக்கும் தலைப்புக் கோப்பில் ஸ்ட்ரக்டின் (பல தரவுகளைச் சேர்த்துக் கட்டிய வகையின்) பெயர் மட்டும் இருக்கும், உறுப்புகள் இருக்காது. அடுத்த பதிப்பில் உள்ளே எதை மாற்றினாலும் நம் நிரல் உடையாமல் இருப்பது அதனால்தான்.

ஓபேக்கின் வேர் லத்தீன் 'ஒபாகுஸ்'. நிழல் படிந்த, இருண்ட என்று பொருள். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. அறிவியல் பாடத்தில் நாம் அதை 'ஒளிபுகா' என்கிறோம். அப்படியே ஒட்டி 'ஒளிபுகாச் சுட்டு' என்றால் தப்பில்லை, ஆனால் எனக்குத் திருப்தியில்லை. இங்கே ஒளி எங்கே வந்தது? நிரலின் உள்ளே பார்க்க உதவும் டீபக்கரைத் திறந்தால் அந்த பைட்டுகள் பளிச்சென்று தெரியும். எந்த பைட் எதற்கு என்பதுதான் நமக்குச் சொல்லப்படவில்லை.

பாயிண்டருக்குச் 'சுட்டு' அருமையான சொல். இலக்கணத்தில் அ, இ, உ சுட்டெழுத்துகள். 'அவன்' என்றால் ஆளைக் காட்டும், யாரென்று சொல்லாது. பாயிண்டரும் அப்படித்தான். ('சுட்டி' வேண்டாம், அது ஏற்கெனவே மவுஸுக்குப் போய்விட்டது.)

ஓபேக்குக்கு எனக்குத் தோன்றுவது மூடுபல்லக்கு. தூக்குகிறவர்களுக்குப் போகுமிடம் தெரியும், உள்ளே யாரென்று தெரியாது. அந்த வழியில் 'மூடுசுட்டு' எனலாம், கச்சிதமான வினைத்தொகை. மூடியிருப்பது சுட்டு இல்லையே, அது காட்டும் பொருள்தானே என்று கேட்டால், சரி, ஆங்கிலத்திலும் அதே கோளாறுதான்.

பல்லக்கைத் தூக்குவது அயல் செயற்கூறு இடைமுகம், அதாவது வேறு மொழியில் எழுதிய செயற்கூறுகளைக் கூப்பிட உதவும் பாலம். பைத்தானில் அது சிடைப்ஸ். கவிழ்வதும் அங்கேதான். கோப்பைத் திறக்கும் சி செயற்கூறான எஃப்ஓபன் 64 பிட் கணினியில் தருவது 64 பிட் முகவரி. திரும்பி வரும் வகையை நாம் அறிவிக்காவிட்டால், சிடைப்ஸ் அதைச் சாதாரண இன்ட் (முழு எண்) என்று எடுத்துக்கொண்டு கீழ் 32 பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும். முகவரி சின்ன எண்ணாக அமைந்துவிட்டால் ஓடிவிடும். இல்லையென்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், தவறான முகவரியைத் தொட்டதால் நிரல் விழுந்துவிடும். ஒரு மாலை முழுவதும் இதில் தொலைத்திருக்கிறேன். திரும்பி வரும் வகையை வாய்டு பாயிண்டர் (வகை சொல்லாத முகவரி) என்று திருத்திய பிறகும் விழுந்தது! முகவரியைத் திருப்பி அனுப்பும்போதும் அதே வெட்டு நடக்கிறது. உள்ளே போகும் வகைகளையும் அறிவிக்க வேண்டும்.

அப்புறம், மூடுசுட்டை விடுவிக்கும் வேலை அதைத் தந்த நூலகத்துடையது. எஃப்ஓபன் தந்ததை நாமாக, நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீயிடம் கொடுக்கக் கூடாது, கோப்பை மூடும் எஃப்குளோஸிடம்தான் கொடுக்க வேண்டும். ஆவணத்தில் இப்படி எழுதினால் போதும்: 'இந்தச் செயற்கூறு ஒரு மூடுசுட்டைத் தரும், வேலை முடிந்ததும் எஃப்குளோஸிடம் ஒப்படைக்கவும்.'