கத்திக்குப் பதம் எங்கிருந்து வருகிறது?

தக்கலை வாசகர் ஒருவரின் கேள்வி: “கோட்டாறு பாத்திரக்கடையில் 200 ரூபாய்க்குக் கத்தி கிடைக்கிறது. கொல்லரிடம் சொல்லிச் செய்தால் இன்னும் சில நூறு கூடுகிறது. பெரிய ஓட்டல் சமையல்காரர்கள் வைத்திருக்கும் ஜப்பான், ஜெர்மனி கத்திகள் பல ஆயிரம். வெட்டுவதென்னவோ அதே வெங்காயம், அதே சாளை மீன்தான். இத்தனை வித்தியாசம் எதற்கு? வாங்கும்போதே தரத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?”

உண்டு. அதற்கு முன்னால் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கத்தியின் தரத்தை இரண்டு காரியங்கள்தான் தீர்மானிக்கின்றன: உருக்குக்கு எப்படிச் சூடு கொடுத்துக் குளிர்வித்தார்கள் என்பது, வாய்க்கு, அதாவது வெட்டும் விளிம்புக்குச் சற்று மேலே தகடு எவ்வளவு மெல்லியது என்பது. கைப்பிடி, கனம், பளபளப்பு, பெட்டி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

இரும்போடு சிறிது கரி (கார்பன்) சேர்ந்தால் உருக்கு என்பது பள்ளிப்பாடம். சமையல் கத்திக்கு 0.5 முதல் 1.2 சதவீதம் கரி போதும். நம் கொல்லர்கள் எடுக்கும் பழைய லாரி வில்பட்டையில் சுமார் 0.5–0.6 சதவீதம் இருக்கிறது. நல்ல கத்திக்கு அது தாராளம். ஆனால் அதே பட்டையைச் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டுக் கத்தி செய்தால், பத்து வெங்காயம் நறுக்குவதற்குள் வாய் மடங்கிவிடும். கரி அதே அளவுதான். அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதில்தான் விஷயம்.

சாதாரண வெப்பநிலையில் இரும்பு அணுக்கள் கனசதுரத்தின் எட்டு மூலைகளிலும் நடுவில் ஒன்றுமாக அடுக்கப்பட்டிருக்கும். உருக்கைச் சுமார் 730 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொண்டுபோனால் அடுக்கு மாறத் தொடங்குகிறது. நடுவில் இருந்த அணுவுக்குப் பதிலாக, ஆறு முகங்களின் மையத்திலும் அணுக்கள் வந்து அமர்கின்றன. மொத்தத்தில் இது முன்னதைவிட நெருக்கமான அடுக்கு. ஆனால் இடுக்குகள் எண்ணிக்கையில் குறைந்து, ஒவ்வொன்றும் பெரிதாகிவிடுகிறது. பழைய அடுக்கில் கரிக்கு இடம் கிடைப்பது அதிகபட்சம் 0.02 சதவீதம்; புதிய அடுக்கிலோ 2 சதவீதம் வரை தாராளமாகக் கரையும். உலையில் செக்கச்சிவந்து கிடக்கும் பட்டைக்குள் கரி அணுக்கள் இப்படி உள்ளே குடியேறிவிடுகின்றன.

மெதுவாக ஆறவிட்டால் அவை வெளியேறி, இரும்பு கார்பைடாகத் தனியே படிந்துவிடும். சட்டென்று தண்ணீரில் முக்கினால் வெளியேற நேரமில்லை. இரும்போ தன் பழைய அடுக்குக்குத் திரும்பியே ஆக வேண்டும். கரியை உள்ளே வைத்துக்கொண்டே திரும்புகிறது. அதனால் கனசதுரம் கனசதுரமாக இருக்க முடியாமல் ஒரு பக்கமாக நீண்டுவிடுகிறது. ஜெர்மானிய உலோகவியலாளர் அடால்ஃப் மார்ட்டென்ஸின் பெயரால் இதை மார்ட்டென்சைட் என்கிறோம். இதில் வியக்க வைப்பது வேகம். அணுக்கள் ஒவ்வொன்றாகத் தாவி இடம் மாறுவதில்லை. கூட்டமாக, ஒரே சாய்வாகச் சரிகின்றன. உருக்கில் ஒலி ஓடும் வேகத்தை நெருங்கும் வேகத்தில் அந்தச் சரிவு பரவக்கூடும். கொல்லர் கத்தியை முக்கி எடுப்பதற்குள் கோடானுகோடி அணுக்கள் இடம் பெயர்ந்து முடித்திருக்கும்.

இது ஏன் கெட்டியாக இருக்கிறது? உலோகம் வளைவதென்றால் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதுதான். சிக்கிக்கொண்ட கரி, சுசீந்திரம் தேர்ச்சக்கரத்தின் அடியில் செருகும் முட்டுக்கட்டையின் வேலையைச் செய்கிறது. வழுக்கல் அங்கேயே நின்றுபோகிறது.

இப்படி முக்கிக் குளிர்விக்கும் தோய்ச்சலில்தான் பாதிக் கத்திகள் கெடுகின்றன. மார்ட்டென்சைட் ஆகும்போது உருக்கு கொஞ்சம் பருக்கிறது. ஒரு பக்கம் முன்னாலும் மறு பக்கம் பின்னாலும் ஆறினால் தகடு கோணும், அல்லது ‘டிக்’ என்ற சத்தத்தோடு விரிசல் விடும். செந்தணலாக இருக்கும் இரும்பைச் சுற்றித் தண்ணீர் உடனே ஆவிப் போர்வையாகிவிடுவதால், திட்டுத்திட்டாகக் குளிர்வதும் உண்டு. பத்து சதவீதம் உப்புப் போட்ட தண்ணீர் அந்தப் போர்வையைக் கிழித்துவிடும். குளிர்ச்சி வேகமாகவும் சீராகவும் போகும். இன்ன கிணற்றுத் தண்ணீரில் தோய்த்தால்தான் பதம் நிற்கும் என்ற நம்பிக்கை உலகம் முழுக்கக் கொல்லர்களிடம் இருந்திருக்கிறது. கிணற்றுக்கு மகிமை இல்லை. வேலை செய்வது கரைந்திருக்கும் உப்பும் தண்ணீரின் சூடும்தான். புத்தளத்து உப்பு ஒரு கிலோவை ஒன்பது லிட்டர் தண்ணீரில் கரைத்தால் எந்தக் கிணறும் அந்தக் கிணறாகிவிடும். ஆனால் லாரிப் பட்டையில் சிலிக்கான், மாங்கனீஸ், குரோமியம் போன்றவை கலந்திருப்பதால் அது எண்ணெயில் ஆறினாலே கெட்டிப்படும். மெல்லிய கத்தியாக அடித்துத் தண்ணீரில் போட்டால் விரிசல் விட வாய்ப்பு அதிகம்.

பட்டறை இருட்டாக இருப்பதற்கும் காரணம் சாஸ்திரமல்ல. வெயிலில் சிவப்பின் அளவு கண்ணுக்குத் தெரியாது. சூடு மிஞ்சினால் உருக்கின் படிக மணிகள் பெருத்து வாய் உதிரும். குறைந்தால் பதமே ஏறாது. நம் குமரி மாவட்டத்தில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் ஆய்வகத்தில் உலோகத்தின் கெட்டியை அளக்கும் கடினமானியை வாரத்தில் ஒரு நாள் கொல்லர்களுக்குத் திறந்துவிடலாம். வெப்பநிலை காட்டும் ஒரு சிறு மின்னுலைக்கு நிதி கொடுக்கலாம். பெரிய உலோக ஆராய்ச்சிகளுக்குச் செலவாகும் தொகையில் இது ஒரு துளிகூட இல்லை. பலன் அடுத்த சந்தையிலேயே தெரியும்.

தோய்த்த கத்தி கெட்டி, ஆனால் நொறுங்கும். அதனால் மறுபடி லேசாகச் சூடு காட்டி இளக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய உருக்கில் 220 டிகிரி வாக்கில் வெளிர் மஞ்சள் படரும், பிறகு பழுப்பு, 280-இல் ஊதா, 300-இல் நீலம். மேலே படியும் ஆக்சைடு ஏடு தடிக்கத் தடிக்க, ஒளி அலைகள் ஒன்றையொன்று அழித்தும் கூட்டியும் இந்த நிறங்களைத் தருகின்றன. வெப்பமானி இல்லாத கொல்லருக்கு இதுவே வெப்பமானி. காய்கறிக் கத்தி மஞ்சளில் நிற்க வேண்டும்; தேங்காய் உடைக்கும் வெட்டுகத்தி ஊதா வரை போகலாம்.

இனி கடைக்குப் போகலாம். கையில் ஒரு காந்தம் எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டில் ஒட்டாவிட்டால் அது எவர்சில்வர் தட்டு செய்யும் வகை. எத்தனை முறை தோய்த்தாலும் பதம் ஏறாது. ஒட்டினால் மட்டும் நல்லது என்றாகாது, பதமேறாத காந்த வகையும் உண்டு. அதனால் தகட்டில் என்ன பொறித்திருக்கிறது என்று பாருங்கள். ‘எக்ஸ்50 சிஆர்எம்ஓவி15’ என்றிருந்தால் 0.5 சதவீதம் கரி, சுமார் 15 சதவீதம் குரோமியம். கெட்டியை அளக்கும் எண்ணான ராக்வெல் கடினம் 56 வாக்கில் இருக்கும். ‘விஜி10’ என்றால் கரி 1 சதவீதம், கடினம் 60. ‘சர்ஜிக்கல் ஸ்டீல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது எந்த உருக்கையும் குறிக்காது.

எண் கூடினால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். 60-க்கு மேற்பட்ட கத்தி சூரைத் தலையிலோ உறைந்த மீனிலோ இறங்கினால் வாய் தெறிக்கும். மீனும் கோழியும் வெட்டும் நம் வீட்டுக்கு 56 பொருத்தம். சாணைக்கல்லில் சீக்கிரம் கூராகும்.

அடுத்து தடிமன். இதைக் கடைக்காரர்களே கவனிப்பதில்லை. முதுகு 2 முதல் 2.5 மில்லிமீட்டர், நுனி நோக்கி மெலிய வேண்டும். வாய்க்கு ஒரு மில்லிமீட்டர் மேலே 0.5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சாதாரண ஏ4 தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் என்பதால், ஐந்து தாளை அடுக்கிப் பிடித்துக் கண்ணால் ஒப்பிட்டாலே போதும். அங்கே தடித்த கத்தி ஆப்பாகிவிடுகிறது. மரச்சீனிக்கிழங்கை வட்டமாக நறுக்கும்போது வாய் பாதி இறங்குவதற்குள் கிழங்கு ‘படக்’கென்று பிளந்தால், கூர் குறை அல்ல, தடிமன்தான் குற்றம். எத்தனை தடவை சாணை பிடித்தாலும் அது தீராது.

கத்தியை நீளவாக்கில் கண்ணருகே பிடித்து முதுகைப் பாருங்கள். கோணல் இருந்தால் தோய்ச்சலில் வந்தது, வாங்க வேண்டாம். வாயை விளக்குக்கு நேராகத் திருப்புங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது, மின்னும் புள்ளி ஒவ்வொன்றும் மழுங்கல் அல்லது பல். கைப்பிடியில் தகடு நுழையும் இடத்தில் நகம் நுழைந்தால் மீன் தண்ணீரும் நுழையும். உள்ளே துருப்பிடித்து ஒரு நாள் ஒடியும்.

அலை அலையான டமாஸ்கஸ் கோலத்துக்குத் தனி விலை கேட்பார்கள். பெரும்பாலானவற்றில் வெட்டும் வேலையைச் செய்வது நடுவில் உள்ள ஒரே உருக்கு, கோலம் மேலுறை. மலிவானவற்றில் அது அமிலத்திலோ லேசரிலோ வரைந்தது. நுண் உப்புத்தாளால் தேய்த்தால் போய்விடும், திரும்ப வராது.

குளச்சல், முட்டம் பக்கத்தில் இருப்பவர்கள் “எவர்சில்வர் தட்டு துருப்பிடிப்பதில்லை, கத்தியில் மட்டும் ஏன் புள்ளி?” என்பார்கள். துருவைத் தடுப்பது சில நானோமீட்டர் தடிமனுள்ள குரோமியம் ஆக்சைடு ஏடு. கத்தியில் உள்ள கரி குரோமியத்தில் ஒரு பங்கைக் கார்பைடாகக் கட்டிவைத்துக்கொள்வதால் ஏடு பலவீனம். கடலுப்பின் குளோரைடு அதைத் துளைத்துவிடும். கழுவி உடனே துடைத்தால் போதும். கொல்லர் கத்தி ஏத்தங்காய் நறுக்கியதும் கறுப்பது வேறு சங்கதி. காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த கறை அது. கடுக்காய் மசியின் வேதியியல்தான். கேடில்லை.

எந்த விலைக்கு வாங்கினாலும் சாணைச் சக்கரத்தில் பத்து நொடியில் கெடுத்துவிட முடியும். தீப்பொறி பறக்கப் பிடித்தால் வாய் 300 டிகிரியைத் தாண்டும், பதம் இறங்கிவிடும். கொல்லர் கத்தியானால் வாயோரம் நீலம் தெரியும். அந்த நீலப் பகுதி முழுவதையும் தேய்த்து நீக்கினால்தான் நல்ல உருக்கு மறுபடி கிடைக்கும். சாணைக்காரரிடம் ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் 1000 எண் தண்ணீர்க்கல் ஒன்று வாங்கி, பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்வில், மறுபுறம் நுண்ணிய பிசிறு விரலில் தட்டும் வரை தேய்த்து, திருப்பிப் போட்டு அதை எடுத்துவிடுங்கள்.