துப்பாக்கி வரியில் திரும்பி வந்த வான்கோழி

1881-க்குள் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் காட்டு வான்கோழி அடியோடு அற்றுப்போயிருந்தது. காட்டை வெட்டியது பாதி, கணக்கில்லாமல் சுட்டது மீதி. நாட்டின் பல மாநிலங்களில் இதே கதைதான். பண்ணையில் வளர்த்த குஞ்சுகளைக் கொண்டுபோய்க் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். தாயின் எச்சரிக்கைக் குரலையே கேட்காமல் வளர்ந்தவை அவை. நரி வந்தால் ஓட வேண்டும் என்றுகூடத் தெரியாது. பிழைக்கவில்லை.

அசல் காட்டுப் பறவைதான் வேண்டும், ஆனால் அதைப் பிடிப்பது லேசில்லை. 1950-களில் ஒரு வழி கைகூடியது. காட்டின் ஓரத்தில் மக்காச்சோளத்தைத் தூவி, பறவைகளைச் சில நாள் பழக்குவார்கள். பக்கத்திலேயே நீளமாக மடித்த வலையை இலைதழை போட்டு மூடி, அதன் பின்னால் குட்டி பீரங்கிக் குழாய்களைப் புதைத்து வைப்பார்கள். கூட்டம் தலையைக் குனிந்து கொத்தும் நேரம் பார்த்து, மறைவில் இருப்பவர் வெடிக்க வைப்பார். வலை தலைக்கு மேலே பறந்து விரியும். அப்புறம் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து அட்டைப்பெட்டியில் போட வேண்டியதுதான். 1976-ல் மிசூரி மாநிலத்திலிருந்து விஸ்கான்சினுக்கு வந்த வான்கோழிகளுக்குப் பதிலாகப் போனவை கிரௌஸ் என்ற, நம் கௌதாரிக்கு உறவான பறவைகள். இரண்டு அரசுகளுக்கு நடுவே பண்டமாற்று!

சரி, அமெரிக்க மாநிலங்களில் இந்த மாதிரி வேலைகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு பெரிய பங்கு, துப்பாக்கியும் தோட்டாவும் விற்பதன்மீது போடும் வரியிலிருந்து. வேட்டைக்குச் சட்டத்தால் கதவடைத்த இந்தியாவில் இருந்துகொண்டு படிக்கும்போது இது விசித்திரமாகத்தான் தெரியும்.

துப்பாக்கி மீதான கலால் வரி முன்பே இருந்தது. பொதுக் கஜானாவில் கலந்துகொண்டிருந்தது. செனட்டர் கீ பிட்மன், பிரதிநிதிகள் அவை உறுப்பினர் வில்லிஸ் ராபர்ட்சன் இருவரும் கொண்டுவந்த சட்டம் அதை வனவிலங்குகளுக்கென்று ஒதுக்கியது. 1937 செப்டம்பர் 2 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் இன்று 11 சதவீதம், கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம். வில்லும் அம்பும்கூட 1970-களில் சேர்ந்தன. வரியைக் கட்டுவது தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும். 500 டாலருக்கு ஒரு ரைஃபிளை விற்றால் 55 டாலர். கடையில் வாங்குபவரின் பில்லில் அது தனியாகத் தெரியாது, விலைக்குள் ஒளிந்திருக்கும்.

மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது பாதிப் பணம் நிலப்பரப்பைப் பார்த்துப் போகிறது, பாதி வேட்டை உரிமம் வாங்கியவர்களின் எண்ணிக்கையைப் பார்த்து. எந்த மாநிலத்துக்கும் 5 சதவீதத்துக்கு மேல் கிடையாது, அரை சதவீதத்துக்குக் கீழேயும் கிடையாது. அலாஸ்காவும் டெக்சஸும் மேல்வரம்பில் முட்டி நிற்கும். குட்டி ரோட் ஐலண்டைக் கீழ்வரம்பு காப்பாற்றும். காசோலை முதலில் வராது. மாநிலம் கைக்காசைப் போட்டு வேலையை முடித்துக் கணக்குக் காட்டினால், 75 சதவீதம் வரை திரும்பக் கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது இதிலுள்ள ஒரு பூட்டு. வேட்டை உரிமக் கட்டணத்தை வனவிலங்குத் துறைக்குத் தவிர வேறெதற்கும் தொட மாட்டோம் என்று மாநிலமே சட்டம் போட்டிருக்க வேண்டும். சாலைக்கோ சம்பளப் பாக்கிக்கோ அந்தப் பணத்தில் கைவைத்தால் மானியத்துக்கே ஆபத்து. பட்ஜெட்டில் துண்டு விழுகிற வருடத்தில் ஓர் ஆளுநரின் கை எங்கே நீளும் என்று தெரிந்தவர்கள் எழுதிய விதி இது.

1970-ல் கைத்துப்பாக்கி வரி இந்த நிதிக்கு வந்தபோது, அதில் ஒரு பங்கை வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளுக்கும் பயன்படுத்தலாம் என்றார்கள். வகுப்பில் முதல் பாடம்: எல்லாத் துப்பாக்கியும் நிரப்பிய துப்பாக்கியே. குழலின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் கண் இருக்க வேண்டும்; சுடத் தயாராகும்வரை விரல் விசைக்கு வெளியே; குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக்கூடாது. அப்புறம் வேலி தாண்டுவது. தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் கம்பிக்கு அடியில் அந்தப் பக்கம் வைத்துவிட்டு, நாம் வேறோர் இடத்தில் தாண்ட வேண்டும். சொல்லிக்கொடுப்பவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். அவர்கள் உழைத்த மணிநேரத்துக்கு ஒரு மதிப்புப் போட்டு, மாநிலம் கட்ட வேண்டிய 25 சதவீதத்தில் கழித்துக்கொள்ளலாம். வருகைப் பதிவேட்டில் போடும் கையெழுத்து அப்படியே டாலராகிறது.

2022-ல் மாநிலங்களுக்குப் பிரித்த தொகை 100 கோடி டாலரைத் தாண்டியது. அத்தனையும் வேட்டைக்காரர்கள் தந்தது என்று நினைத்தால் தப்பு. தற்காப்புக்காகவும் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காகவும் வாங்குபவர்கள்தான் இப்போது அதிகம். துப்பாக்கிக்குக் கட்டுப்பாடு வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பினாலே விற்பனை எகிறும், மானுக்கும் வாத்துக்குமான நிதியும் கூடவே ஏறும். ஒரு காட்டின் வரவுசெலவு இப்படி நகரத்து பயத்தை நம்பி இருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று. இந்தச் சட்டத்தின் கணக்கில் வனவிலங்கு என்றால் பறவையும் பாலூட்டியும் மட்டும்தான். வாத்துக்காகக் கரை கட்டித் தேக்கிய தண்ணீரில் தவளையும் ஆமையும் சேர்ந்து பிழைத்துக்கொள்ளும், அதை யாரும் தடுப்பதில்லை. தவளைக்கென்றே ஒரு திட்டம் எழுதி அனுப்பினால் மட்டும் இந்த நிதியிலிருந்து ஒரு காசு பெயராது.